நகர்மன்ற மாதக் கூட்டம்: பார்வையாளர் இருக்கையிலிருந்து ஒரு மதிப்புரை

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், கேரள எல்லைக்கு அருகில் உள்ள ஒரு நகராட்சியின் மாதாந்திரச் சாதாரணக் கூட்டத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. ஊரின் பெயரை எழுதவில்லை. இங்கே குறையாகச் சொல்லப்படும் பழக்கங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு கட்டடத்துக்குள் மட்டும் இருப்பவை எனத் தோன்றவில்லை. சொத்து வரியும் குடிநீர்க் கட்டணமும் செலுத்துகிற நாம் குப்பை வண்டி வந்ததா, குழாயில் தண்ணீர் வந்ததா என்பதைத் தினமும் எடைபோடுகிறோம். அந்த வண்டிக்கும் குழாய்க்கும் பணம் ஒதுக்குகிற கூட்டத்தை எடைபோடுபவர் மிகக் குறைவு. அதையும் நகராட்சி நமக்குத் தரும் ஒரு சேவையாகவே வைத்து எழுதுகிறேன்.

முதலில் நுழைவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகர்மன்றக் கூட்டம் பொதுமக்கள் பார்ப்பதற்கு உரியது என்பதும், தலைமை வகிப்பவர் காரணத்தைப் பதிவு செய்த பிறகே பார்வையாளரை வெளியேறச் சொல்லலாம் என்பதும் 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டக் காலத்திலேயே வகுக்கப்பட்ட நெறி. அந்தச் சட்டத்தின் இடத்தில், 1998இல் இயற்றப்பட்டு நெடுங்காலம் கிடப்பில் இருந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், தன் விதிகளோடு 2023 ஏப்ரல் 13 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இவ்வளவு பழைய உரிமையாக இருந்தும், கூட்டம் பார்க்க வந்தேன் என்று ஒருவர் சொன்னால் வாயிலில் இருக்கும் ஊழியருக்கு அது எளிதில் விளங்குவதில்லை. நிருபர், கட்சிக்காரர், ஒப்பந்ததாரர் என்று அவர் அறிந்த மூன்று வகைக்குள்ளும் அடங்காத ஆளை அவர் சற்று நேரம் நிறுத்தி வைத்துப் பார்க்கிறார். பிறகு உள்ளே விட்டுவிடுகிறார், மரியாதையாகவே. பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலிகளும் தலைக்கு மேல் மின்விசிறியும் இருக்கின்றன. உறுப்பினர்களின் மேசைகளில் மைக் உண்டு; பொறியாளர் அமரும் பக்கத்து மேசையில் இல்லை. இதைச் சின்னக் குறையாக ஒதுக்கிவிட முடியாது, ஏனென்றால் அந்த அரங்கில் சொல்லப்படும் பயனுள்ள விவரங்களில் பெரும்பகுதி பொறியாளர் வாயிலிருந்துதான் வருகிறது.

கூட்டத்துக்கு முன்பே உறுப்பினர்களுக்குக் கொடுக்கப்படும் பொருள் நிரல்தான் இந்தச் சேவையின் அசல் சரக்கு. ஊரில் எல்லோருக்கும் அது அஜெண்டாதான். அதில் ஒவ்வொரு பொருளும் ஒரே வார்ப்பில் அமைந்திருக்கும்: இன்ன வார்டில் இன்ன பணி, மதிப்பீடு இவ்வளவு, இன்ன நிதியிலிருந்து, மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது, கீழே ஓர் அலுவலகக் குறிப்பு. எழுத்தர் பொருள் எண்ணையும் முதல் வரியையும் வாசிப்பார். அவர் மூச்சு வாங்குவதற்குள் முன்வரிசையிலிருந்து 'பாஸ்' என்று குரல் வரும். அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார். அதற்கும் பொறுமை இல்லாத நாளில் மொத்தத்தையும் சேர்த்து 'ஆல் பாஸ்' என்று மேசையைத் தட்டி முடிப்பதும் உண்டு. வேகத்தை மட்டும் பிடித்துக்கொண்டு குறை சொல்வது நியாயமாகாது. நீரேற்று நிலையத்து மோட்டாரைப் பழுது பார்ப்பதற்கும், பிளீச்சிங் பவுடர் வாங்குவதற்கும், வாகனங்களுக்கு டீசல் போட்ட பட்டியலுக்கும் விவாதம் தேவையில்லை. அவை விரைந்து நிறைவேறுவதே ஊருக்கு நல்லது. பிளீச்சிங் பவுடர் போகிற அதே வேகத்தில் பக்கச்சுவரும் ஓடையும் சாலையும் போய்விடுவதுதான் என் வருத்தம்.

இந்த மன்றம் மீண்டும் கூடத் தொடங்கிய வரலாறும் இதில் சேர்த்துப் பார்க்க வேண்டியது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்த பின், 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடக்கும் வரை தமிழ்நாட்டின் நகராட்சிகளில் உறுப்பினர்களே இல்லை. தனி அலுவலர்கள்தான் தீர்மானங்களில் கையெழுத்திட்டார்கள். விவாதம் இல்லாமல் கோப்பை நகர்த்தும் பழக்கம் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அலுவலகத்தில் ஊறியிருக்கிறது. புதிதாக வந்த உறுப்பினர்களில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. நான் பார்த்த மன்றத்தில் அஜெண்டாவை உண்மையில் படித்துவிட்டு, பக்க எண்ணைச் சொல்லிக் கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் பெண் உறுப்பினர்களே. அவர்களுடைய கேள்விகளும் எளியவை: இந்த விளக்குகள் எந்தத் தெருவுக்கு, போன முறை அனுமதித்த குழாய் எங்கே போயிற்று, கழிப்பறைக்குத் தண்ணீர் இணைப்பு இந்த மதிப்பீட்டில் சேர்ந்ததா இல்லையா. பதில் தெரியாதபோது அதிகாரிகள் 'ஆய்வு செய்து நடவடிக்கை எடுக்கப்படும்' என்கிறார்கள். அது குறிப்பேட்டிலும் அப்படியே ஏறிவிடுகிறது.

இனி பணிகளுக்கு வருவோம். எங்கள் பகுதி மேடும் பள்ளமுமானது. ரப்பர் விளைகளும் வாழைத் தோட்டங்களும் வீடுகளும் படிப்படியாக இறங்கி ஏதாவது ஒரு குளத்திலோ, சானல் என்று நாங்கள் சொல்லும் பாசனக் கால்வாயிலோ போய் முடியும். மழைநீருக்கும் அதுவே வழி. ஆனால் அஜெண்டாவில் ஓடைப் பணி எழுதப்படும் முறை என்னவென்றால், இன்னார் வீடு முதல் இன்னார் வீடு வரை மழைநீர் ஓடை அமைத்தல் என்பதாகும். அந்த இரண்டாவது வீட்டைத் தாண்டிய பிறகு தண்ணீர் எங்கே போகும் என்பது அந்த வரியில் இருக்காது, அலுவலகக் குறிப்பிலும் இருக்காது. நிதி எவ்வளவு நீளத்துக்குப் போதுமோ அவ்வளவு நீளத்துக்கு ஓடை கட்டப்படுகிறது. அதன் வாய் திறந்து நிற்கும் இடத்தில் யாருடைய மதில் இருக்கிறதோ அவர் அடுத்த மழையில் மனு எழுதுகிறார். அடுத்த நிதியாண்டில் அவர் வீடு முதல் இன்னொரு வீடு வரை மற்றொரு பொருள் வருகிறது. நான் இருந்த ஒரு கூட்டத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து, இந்த ஓடை குளத்தில் சேருகிறதா, உபரிநீர் வெளியேறும் கலுங்கு வழியாகச் சானலுக்குப் போகிறதா என்று கேட்டார். பொறியாளர் எழுந்து, மைக் இல்லாமல், கீழ்ப்பகுதிக்குத் தனி மதிப்பீடு தயாரிக்கப்படும் என்றார். அதற்குள் பொருள் நிறைவேறியிருந்தது. வீடுகளின் பெயருக்குப் பதிலாக நீர் சேரும் இடத்தின் பெயரை எழுதச் சொல்லும் ஒரே ஒரு விதி இருந்தால் போதும், இந்தத் துண்டு ஓடைகளில் பல மன்றத்துக்கு வரும் முன்பே திருத்தப்பட்டுவிடும்.

நாட்காட்டியும் இன்னொரு தொல்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையை மட்டும் கணக்கில் கொண்டு, அக்டோபருக்கு முன் பணிகளை முடித்துவிட எண்ணுகிறது. குமரியில் தென்மேற்குப் பருவமழையும் தவறாமல் பெய்யும். இடவப்பாதி எனப்படும் அந்த மழை தொடங்கிவிட்டால் ஜூனில் தார் போட முடியாது. நிதியாண்டு மார்ச்சில் முடிந்து, ஏப்ரலில் மதிப்பீடு திருத்தி, மே மாதத்தில் ஒப்பந்தப்புள்ளி திறந்து, வேலை உத்தரவு கைக்கு வரும்போது வானம் இருண்டிருக்கும். ஆகவே இங்கே தார்ச்சாலைக்கு உண்மையில் உகந்த காலம் டிசம்பர் பிற்பகுதி முதல் மே வரைதான். இதை மன்றத்தில் எல்லோரும் அறிவார்கள், ஏனென்றால் எல்லோரும் இந்த ஊரில் வாழ்கிறவர்கள். இருந்தும் சாலைப் பணிகள் கோடையின் கடைசியில் மொத்தமாக வந்து குவிகின்றன. ஜனவரிக் கூட்டங்களில் கைவண்டி வாங்குவதும் கட்டடத்துக்கு வெள்ளையடிப்பதுமே பெரிய பொருள்களாக இருக்கின்றன.

சாலையின் உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். பழைய தார்த்தளத்தைச் சுரண்டி எடுத்த பின்பே புதிய தளம் போட வேண்டும், வீடுகள் தாழ்ந்துபோகும்படி சாலையை உயர்த்தக் கூடாது என்று 2021 மே மாதத்தில் தலைமைச் செயலர் துறைகளுக்கு அறிவுறுத்தினார். அதன் பின் எங்கள் நகராட்சியின் சில மதிப்பீடுகளில் சுரண்டும் வேலைக்குத் தனிக் கணக்கு இருப்பதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருந்தது. அலங்காரத் தரைக்கற்கள் பதிக்கும் பணிகளில் மட்டும் இந்தக் கவனம் இல்லை; பழைய காங்கிரீட் தளத்தின் மேலேயே மணல் பரப்பிக் கல் பதித்து, வாசற்படியை ஒரு படி விழுங்கிவிடுகிறார்கள்.

தொகையைப் படிப்பதற்கும் கொஞ்சம் பழக்கம் வேண்டும். பத்து லட்சம் மதிப்பீடு என்று அஜெண்டாவில் இருந்தால் பத்து லட்சத்துக்கும் சிமெண்டும் ஜல்லியும் வந்து இறங்கும் என்று பொருளில்லை. 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்கான 1 விழுக்காடும் அதற்குள் அடங்கியிருந்தால், பணிக்கென நிற்பது ஏறத்தாழ 8.4 லட்சம்தான், மற்றச் சில்லறை ஒதுக்கீடுகள் அதிலிருந்தும் போகும். இந்தப் பிரிவினையை அஜெண்டாவில் காட்டினால் கூட்டத்தில் எழும் வீண் சந்தேகங்களில் பாதி அடங்கிவிடும். நிதியின் பெயரும் முக்கியம். சாலைக்குப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளிலேயே குடிநீர்த் தொட்டிக்குப் பணம் ஒதுக்கினால், ஏமாற்றுகிறார்கள் என்று பின்வரிசையில் முணுமுணுப்பு எழுகிறது. 15ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை சிறிய நகரங்களுக்கு அளித்த மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் துப்புரவுக்கும் கட்டுப்பட்டது. அதைச் சாலைக்குத் திருப்ப மன்றம் விரும்பினாலும் முடியாது. இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடம் செலவழித்த தலைவரை நான் இதுவரை பார்க்கவில்லை.

பின்னேற்புக்கு வரும் பொருள்களைத் தனியாகக் கவனிக்கும்படி புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்வேன். குழாய் உடைந்தால் கூட்டம் கூடும் வரை காத்திருக்க முடியாது. தலைவரின் முன் அனுமதி பெற்று வேலையை முடித்துவிட்டுப் பிறகு மன்றத்திடம் கொண்டு வருவது முறையான வழிதான். ஆனால் அரங்குக்குப் புதுத் திரைச்சீலை வாங்கியதற்கு என்ன அவசரம் இருந்திருக்க முடியும் என்பதை ஒருவரும் கேட்கவில்லை.

சந்தைக் குத்தகை, பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பறை ஏலம், தெருநாய்க் கருத்தடை, எல்இடி விளக்குப் பராமரிப்பு ஆகியவை ஒழுங்காகவும் அலுப்பூட்டும்படியாகவும் நடந்தேறுகின்றன. அவற்றில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

எல்லையோர ஊர் என்பதால் வேறெங்கும் காணாத சில பொருள்களும் வரும். கேரளத்திலிருந்து இறைச்சிக் கழிவையும் மருத்துவக் கழிவையும் லாரிகளில் கொண்டுவந்து இந்தப் பக்கம் கொட்டுவது பல ஆண்டுத் தொல்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கொட்டப்பட்ட திருவனந்தபுரத்து மருத்துவக் கழிவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பின் கேரளமே வந்து அள்ளிச் சென்றது நினைவிருக்கலாம். இதைக் கண்டிக்கும் தீர்மானம் மன்றத்தில் வரும்போது கட்சி வேறுபாடு மறைந்து எல்லோரும் பேசுகிறார்கள். கூட்டத்தின் மிக நீண்ட விவாதமும் அதுவாகவே இருக்கும். ஆனால் சோதனைச் சாவடி நகராட்சியின் கையில் இல்லை. தன் எல்லைக்குள் பிடிபட்ட வாகனத்துக்கு அபராதம் விதிப்பதும், கொட்டிய இடத்தைச் சுத்தம் செய்வதும்தான் அதன் அதிகாரத்தில் உள்ளவை. அந்த அபராதம் எத்தனை வாகனங்களுக்கு விதிக்கப்பட்டது, எவ்வளவு வசூலானது என்று யாரும் கேட்காமலேயே தீர்மானம் ஒருமனதாக நிறைவேறுகிறது. கனிமம் ஏற்றிச் செல்லும் டாரஸ் என்ற பெரிய லாரிகளைப் பற்றிய பேச்சும் இதே போக்கில்தான் முடிகிறது: சாலை தேசிய நெடுஞ்சாலை 66 ஆக இருந்தால் அது நம்முடையதல்ல என்பார்கள், மாநில நெடுஞ்சாலையாக இருந்தாலும் நம்முடையதல்ல என்பார்கள், அந்த லாரி குறுக்கு வழியில் புகுந்து உடைத்த நகராட்சிச் சாலையை மட்டும் அடுத்த அஜெண்டாவில் சேர்ப்பார்கள்.

எல்லைக்கு அப்பால் உறவினர் இல்லாத குடும்பம் இங்கே குறைவு. ஆகவே கேரளத்து நகராட்சிகளோடு ஒப்பிடும் பேச்சு எங்கள் வீடுகளில் ஓயாது. 1994ஆம் ஆண்டின் கேரள நகராட்சிச் சட்டப்படி அங்கே நிதி, வளர்ச்சி, நலம், சுகாதாரம், பொதுப்பணி, கல்வி-கலை-விளையாட்டு என ஆறு நிலைக்குழுக்கள் உண்டு. ஓடைப் பணி மன்றத்துக்கு வரும் முன் பொதுப்பணிக் குழுவின் மேசையைக் கடந்து வர வேண்டும். நம் நகராட்சிகளில் நியமனக் குழு, ஒப்பந்தக் குழு, வரி விதிப்பு மேல்முறையீட்டுக் குழு ஆகியவை இருக்கின்றன. ஆனால் பணி தேவைதானா, தண்ணீர் எங்கே போகும் என்று பார்ப்பது அவற்றின் வேலையாக இல்லை. ஒப்பந்தக் குழு பார்ப்பது விலைப்புள்ளியை. கேரளத்தில் 2024 ஜனவரி 1 முதல் கே-ஸ்மார்ட் என்ற ஒரே இணையத் தளத்தில் பிறப்புப் பதிவும் கட்டட அனுமதியும் சொத்து வரியும் வந்துவிட்டதால், விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்பதை வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள். பொறாமைப்படத் தக்க வசதி. அதற்காக அங்கே எல்லாம் ஒழுங்கு என்று எண்ணிவிட வேண்டாம். திட்டப் பணத்தை மார்ச் மாதத்தில் அள்ளிச் செலவழிக்கும் அவசரம் அந்தப் பக்கமும் குறைவில்லை.

மொழி விஷயத்தில் ஒப்பீடு நமக்குச் சற்றுச் சங்கடமானது. சிறுபான்மை மொழிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுக்குத் தமிழர்கள் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழில் தரப்பட வேண்டும் என்று கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் சொல்கிறது. எங்கள் மாவட்டத்து விளவங்கோடு பக்கத்தில் மலையாளவழியில் படித்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், வாசிப்பது கடினம். சொத்து வரி உயர்வு அறிவிப்பைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லும் அவர்களுக்காக மலையாளத்தில் ஒரு சுருக்கக் குறிப்பு ஒட்டினால் நகராட்சிக்கு ஆகும் செலவு ஒரு தாள். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த மாவட்டம் இது என்பதில் பெருமை கொள்கிறவன் நான். அந்தத் தாள் ஒட்டப்படுவதால் அந்தப் பெருமைக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

அதே நவம்பர் 1ஐ உள்ளாட்சி நாளாக அறிவித்து, 2022இல் அன்றுதான் நகர்ப்புறங்களில் முதன்முறையாகப் பகுதி சபைகளைக் கூட்டினார்கள். வார்டைப் பகுதிகளாகப் பிரித்து மக்களிடம் நேரில் தேவைகளைக் கேட்கும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பகுதி சபையில் ஓடை பற்றிச் சொன்னவர்கள் தண்ணீர் சேர வேண்டிய குளத்தின் பெயரையும் சேர்த்தே சொன்னார்கள். மழையில் நனைந்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்குமா? அந்தக் குறிப்பு மன்றத்து அஜெண்டாவாக மாறும் வழியில் குளத்தின் பெயர் உதிர்ந்துவிட்டது.

பணி முடிந்த பிறகு அதைத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்புக்கு இந்தச் சேவையில் மிகக் குறைந்த மதிப்பெண் தருகிறேன். முந்தைய கூட்டத்தில் அனுமதித்த பணிகள் தொடங்கினவா, முடிந்தனவா, பட்டியல் தொகை கொடுத்தாயிற்றா என்பதற்கு அஜெண்டாவில் இடமே இல்லை. முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் எம்-புக் என்ற அளவுப் புத்தகம் பொறியியல் பிரிவின் அலமாரியில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்தால் 30 நாட்களுக்குள் அதன் நகலைத் தர வேண்டும். அதே சட்டத்தின்படி நடக்கும் பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்தும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும்கூட குடிமகனுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒரு ஓடையின் நீளத்தை அறிய ஒவ்வொரு முறையும் மனு எழுத வேண்டியிருப்பது சேவையாகாது. போன கூட்டத்துப் பணிகளின் நிலையை ஒரு பக்கத்தில் அஜெண்டாவோடு இணைப்பதற்குப் புதுச் சட்டமோ புது மென்பொருளோ தேவையில்லை. அந்த விவரம் அத்தனையும் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

நுழைவுக்கும் நடத்தைக்கும் ஐந்துக்கு நான்கு, அன்றாட நிர்வாகத்துக்கு மூன்றரை, பொதுப்பணி முடிவுகளுக்கு இரண்டு, தொடர் கண்காணிப்புக்கு ஒன்று என்பது என் கணக்கு. போக விரும்புகிறவர்கள் கூட்ட நாளை உறுப்பினரிடமோ அலுவலக அறிவிப்புப் பலகையிலோ கேட்டுக்கொள்ளலாம். காலையில் சற்று முன்னதாகப் போய்ப் பொறியாளர் மேசைக்கு அருகில் உள்ள நாற்காலியைப் பிடித்துக்கொள்வது நல்லது. பார்வையாளர் பேச அனுமதி இல்லை என்பதால், சொல்ல வேண்டியதைக் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே வார்டு உறுப்பினரிடம் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். விளக்கு எரியவில்லை என்று பொதுவாக எழுதாமல் மின்கம்பத்தின் எண்ணையும், ஓடை வேண்டும் என்று எழுதும்போது அது சென்று சேர வேண்டிய குளம் அல்லது சானலின் பெயரையும் குறிப்பிட்டால், உறுப்பினர் எழுந்து கேட்கும்போது அந்தக் கேள்வியை 'ஆய்வு செய்யப்படும்' என்று கடந்துபோவது அதிகாரிகளுக்கு அவ்வளவு எளிதாக இருப்பதில்லை.